இம்மிக்குக் கீழே

எனக்கு அந்த நாளில் மூக்குக்கு மேல் கோபம். என் கையிலிருந்த சாக்பீஸ் கரும்பலகையில் தேய்ந்ததைவிடப் பையன்கள் மேல் பட்டு உடைந்ததுதான் அதிகம் இருக்கும். கணக்கைத் தப்பாகப் போட்டால்கூடப் பொறுத்துக்கொள்வேன். விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் எனக்குத் தாங்காது. "திருடிக்கொண்டு வந்த மாம்பழத்தைச் சாமிக்குப் படைக்கிறாயா?" என்று கத்துவேன். பையன்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

காரைக்குடிக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவருடைய தர்மத்தில் நடந்த ஹைஸ்கூலில் நான் கணக்கு வாத்தியார். கீழச்சிவல்பட்டிப் பக்கம் கம்மாய்த் தண்ணீரை நம்பிப் பிழைத்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. எப்படியோ முட்டி மோதித் திருச்சியில் பி.ஏ. முடித்தவன். ரயிலடிக்குப் போகிற பாதையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, நானே பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. கோபத்தைக் காட்ட வீட்டில் ஆள் இல்லாததால் அவ்வளவும் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பாடத்தில் கால்குலஸ் கிடையாது. காலேஜுக்குப் போன பிறகுதான் அந்தப் பூதம் வரும். நான் படித்தபோது புரொபசர் பலகையில் 'லிமிட்' என்று எழுதினார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. உருப்போட்டுப் பாஸ் செய்தேன். அது என்னவென்று புரிவதற்கு அப்புறமும் நெடுநாள் ஆயிற்று. என் பையன்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று ஒரு வைராக்கியம். ஆகவே பரீட்சை முடிந்து ரிசல்ட் வராத அந்த வெயில் மாதங்களில், காலேஜ் போக ஆசைப்பட்ட நாலைந்து பேரைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னேன். ஹெட்மாஸ்டர் சாவியைக் கொடுத்து, "பலகை வெளுத்துக் கிடக்கு, அதையும் கவனிச்சுக்கும்" என்றார். ஊமத்தை இலையும் கரியும் சேர்த்து அரைத்து நாங்களே பூசினோம். அந்த வாடை கோடை முழுக்க வகுப்பில் இருந்தது.

வந்தவர்களில் ஒருவன் வட்டித்தொழில் செய்கிற பெரிய வீட்டுப் பிள்ளை. ஒல்லியாக, உயரமாக இருப்பான். எதையும் உடனே ஒப்புக்கொள்ளமாட்டான். வலது புருவம் மேலே போனால் கேள்வி வருகிறது என்று அர்த்தம். என்னை அதிகம் கோபப்படுத்தியவனும் அவன்தான், எனக்கு அதிகம் பிடித்தவனும் அவன்தான். திருச்சிக் காலேஜில் கணக்கு எடுத்துப் படிக்கவேண்டும் என்று வாய்க்கு வாய் சொல்லுவான். சேர்ந்துவிடுவான் என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் எல்லாரும் ஆரம்பிக்கிற இடத்தில்தான் ஆரம்பித்தேன். எக்ஸின் வர்க்கத்திலிருந்து நான்கைக் கழி. அதை, எக்ஸிலிருந்து இரண்டைக் கழித்து வருவதால் வகு. எக்ஸ் மூன்று என்றால் விடை ஐந்து. எக்ஸ் ஐந்து என்றால் விடை ஏழு. எக்ஸ் இரண்டு என்றால்? மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். அந்த ஓர் இடத்தில் கணக்குக்கு விடையே இல்லை. "இல்லாத இடத்தை விடுங்கள். அதன் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகமுடியுமோ அவ்வளவு பக்கத்தில். விடை எதை நோக்கிப் போகிறது?" என்று கேட்டேன்.

தசமத்தில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரிய வீட்டுப் பையன் அப்படிப் போடவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு அப்புறம் வந்தது. அதற்கு முன்பே வீட்டில் கீழ்வாய் இலக்கம் வந்துவிட்டது. ஒன்றை முந்நூற்றிருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியை மறுபடி முந்நூற்றிருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி. அதையும் இருபத்தொன்றாகப் பிரித்தால் இம்மி. அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையெல்லாம் பாட்டாகச் சொல்லுவார்கள். அதற்குக் கீழேயும் ஏட்டில் இருப்பதாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவன் வீட்டு வாய்பாடு இம்மியோடு நின்றுவிடும்.

அவன் எழுந்து சொன்னான்: "ரெண்டே முந்திரி வச்சா நாலே முந்திரி வருது சார். ரெண்டும் கீழ்முந்திரியும் வச்சா நாலும் கீழ்முந்திரியும். ரெண்டும் இம்மியும் வச்சா நாலும் இம்மியும். இம்மியைத் தள்ளிட்டா நாலு."

விடை நாலுதான். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. "தள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்றேன்.

"இம்மிக்குக் கீழே ஒண்ணும் கெடையாதே சார். எங்க அப்பச்சி சொன்னாக."

அவர்கள் வீடுகளில் தகப்பனாரை அப்பச்சி என்பார்கள். அப்பச்சி சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்தப் 'பிறகு' சீக்கிரமே வந்தது. ஒன்றை, எக்ஸிலிருந்து இரண்டைக் கழித்து வருவதால் வகுக்கும் கணக்கைக் கொடுத்தேன். எக்ஸ் மேலேயிருந்து இரண்டை நெருங்க நெருங்க, வகுக்கும் எண் சிறுத்துக்கொண்டே போகும், விடை பெருத்துக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. இதைப் பையன்களே கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மற்றவர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். இவன் மட்டும் விறுவிறுவென்று எழுதி, சிலேட்டை நீட்டினான். விடை: இருபத்தொரு லட்சத்து ஐம்பதாயிரத்து நானூறு.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. ஒன்றில் அத்தனை இம்மி! இம்மிக்குக் கீழே ஒன்றும் இல்லாததால், இரண்டுக்கு அதைவிடப் பக்கத்தில் போகவே முடியாது. ஆகவே விடையும் அதற்குமேல் பெருகமுடியாது. முடிவில்லாமல் போகிற ஒன்றைப் பிடித்து இருபத்தொரு லட்சத்துச் சொச்சத்தில் கட்டிப்போட்டுவிட்டான். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பையனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

சாக்பீஸ் பறந்தது. "அந்த இம்மியில் பாதி எங்கேடா போச்சு?" என்று கத்தினேன்.

அவன் தோளில் பட்ட வெள்ளையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பாதி இம்மிக்குப் பேரே இல்லையே சார்" என்றான்.

"பேர் இல்லாவிட்டால் பொருள் இல்லையா? போ, உட்கார்!" என்று அன்றைய வகுப்பை அதோடு முடித்துவிட்டேன்.

மறுநாள் அதிகாலையில் அறைக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் அவனுடைய அப்பச்சி நிற்கிறார். நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் துணியில் கட்டிய மூட்டை. அவரை அதற்கு முன் கடைத்தெருவில் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ரங்கூனில் பல வருஷம் கடை நடத்திவிட்டு முந்தின வருஷம்தான் ஊரோடு வந்திருந்தார். முழங்கால் வலியால் சற்றே சாய்ந்து நடப்பார். இனிமேல் கப்பலில் கால் வைப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, ஊரோரத் தோட்டத்தில் ஒட்டு மாங்கன்றுகள் வைத்திருந்தார்.

"தப்பா நெனைக்கக் கூடாது வாத்தியாரே. பையன் ரங்கூன் கடைக்குப் போறான். பட்டணத்துல கப்பலேறப் பொறப்படுற அன்னைக்கு வடக்கே சூலம். இன்னைக்கு நாள் நல்லாருக்கு. ஒங்க அறை எங்க வீட்டுக்கு வடக்கே, ரயிலுக்குப் போற பாதையில இருக்கு. பரஸ்தானம் வச்சுக்கிட்டீகன்னாப் புண்ணியமாப் போகும்."

பயண நாள் சரியில்லை என்றால் நம்முடைய ஆட்கள் செய்கிற காரியம்தான். நல்ல வேளையில் பயணக்காரனுடைய துணிமணி கொஞ்சத்தை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை போய்விட்டால் ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொள்வான். ஒரே ஒரு விதி, வைத்த மூட்டை வீடு திரும்பக்கூடாது. திரும்பினால் பயணம் கெட்டது என்று அர்த்தம். அந்தப் பயணத்தை அப்புறம் யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள்.

"பையன் காலேஜுக்கு..." என்று இழுத்தேன்.

"கடையில வீட்டு ஆளு ஒருத்தர் இருக்கணும்ல. அங்குட்டு இருக்கிறவுகளுக்கு அடுத்த மாசத்தோட கணக்கு முடியுது" என்றார். அவர்கள் பேச்சில் ஒரு கணக்கு என்றால் கடல் கடந்து கடையில் இருக்கும் மூன்று வருஷம். சண்டைக்காரராக அவர் பேசவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மூட்டையை வாங்கி ஜன்னல் மாடத்தில் வைத்தேன்.

அன்றிலிருந்து அந்த மூட்டை என்னை ஆட்டிவைத்தது. அதை முறைத்துக்கொண்டே சோறு பொங்கினேன், முறைத்துக்கொண்டே தின்றேன். இடம் மாற்றக்கூடாதோ என்னவோ என்று பயந்து அந்த மாடத்தைத் துடைக்கக்கூட இல்லை. ஒரு நல்ல மூளையை மஞ்சள் துணியில் கட்டி என்னிடமே கொடுத்து வைக்கச்சொல்லிவிட்டார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பையன் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. "ரங்கூன்காரர் வந்துட்டாக, எடம் விடுங்கடா" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவனும் சிரித்தான். புருவம் மட்டும் மேலே போகவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாக்பீஸை எறியாமல் அந்தப் பழைய கணக்கையே மறுபடி எடுத்தேன்.

"இதை வழக்கு மாதிரி நினைத்துக்கொள். நான் கேட்கிறவன், நீ காட்டுகிறவன். ஆயிரத்துக்கு மேல் காட்டு என்கிறேன். என்ன செய்வாய்?" என்றேன்.

"ரெண்டுக்கு மேலே ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மியா வைப்பேன்."

"இருபத்தொரு லட்சத்து ஐம்பதாயிரத்து நானூறுக்கு மேல் காட்டு."

அவன் வாய்பாடு அதோடு முடிந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். என்னைப் போன்றவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

"இம்மியில பாதி வைப்பேன்" என்றான் மெல்ல. "அப்ப ரெட்டிப்பா வரும். இன்னும் கேட்டீகன்னா அதுலயும் பாதி வைப்பேன்." சட்டென்று புருவம் மேலே போயிற்று. "நீங்க கேக்குறதை நிறுத்துற வரைக்கும் நான் நிறுத்தவேண்டியதில்லை சார். நீங்க நிறுத்தவே மாட்டீக. அப்ப இதுக்கு முடிவே கெடையாது!"

"அப்படியானால் அந்த முதல் கணக்கு? அந்த நாலு?"

"அங்கயும் எதையும் தள்ளலை சார். நாலுக்கு எவ்வளவு பக்கத்துல வேணும்னு நீங்க கேட்டாலும் அதைவிடப் பக்கத்துல கொண்டாந்து காட்டுவேன். அதான் நாலு."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. காலேஜில் உருப்போட்டே நான் காலத்தை ஓட்டியதை இவன் ஒரு கோடையில் பிடித்துவிட்டான். வாத்தியார் வேலையில் இந்த மாதிரி ஒரு காலை கிடைப்பது அபூர்வம். அடுத்த நிமிஷமே மஞ்சள் மூட்டை ஞாபகத்துக்கு வந்தது.

வகுப்பு கலைந்தபின் அவன் போகாமல் நின்றான். "சார், ஒரு ஒத்தாசை. அந்த மூட்டையை எங்க வீட்டுல கொண்டாந்து போட்டுருங்க. விவரம் தெரியாமக் கொண்டாந்துட்டேன்னு சொல்லுங்க. அப்பச்சி ஒங்களை ஒண்ணும் சொல்லமாட்டாக. பயணம் நின்னுரும். அதுக்குள்ள காலேஜ் தொறந்துரும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவு சுலபம்! மூட்டையை எடுத்துக்கொண்டு நாலு தெரு நடக்கவேண்டும், கொஞ்சம் அசடு வழியவேண்டும், அவ்வளவுதான். அசடு வழிவது எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "விடை சரிடா, வழி தப்பு" என்றேன். அந்த வகுப்பில் நான் தொண்டை கிழியச் சொன்ன வார்த்தை அது. அவனும் தலையைக் குனிந்துகொண்டான். "சாயங்காலம் வா. இரண்டு பேருமாகப் போய் நேராகவே கேட்போம்" என்றேன்.

வெயில் தாழ்ந்தபிறகு தோட்டத்துக்குப் போனோம். அப்பச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடம் குடமாகக் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. மனைவி கிணற்றடியில் நீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாளை ஆச்சி என்பேன்; ஊரே அப்படித்தான் சொல்லும்.

"வாங்க வாத்தியாரே, ஏது இங்குட்டு?" என்றார் அப்பச்சி. "இன்னும் மூணு வருஷம், நாலு வருஷத்துல காய்ச்சிரும். மொதக் காய்ப்பு ஒங்களுக்கும் உண்டு."

நான் சுற்றி வளைக்கவில்லை. இந்தப் பையனைப் போல் எனக்கு ஒரு மாணவன் அமைந்ததில்லை, இவனை அனுப்பிவிட்டீர்களானால் அது பெரிய அநியாயம் என்று படபடவென்று கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆச்சி கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அப்பச்சி கோபிக்கவில்லை. குடத்தைச் சாய்த்து, தண்ணீர் பாத்தியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "அப்பிடி என்ன கணக்குடா அது?" என்று மகனைக் கேட்டார்.

அவன் சொன்னான். ஒன்றை வகுப்பது, இரண்டை நெருங்குவது, தான் போட்ட விடை.

"சரியாத்தானே போட்டுருக்கே?" என்றார் அப்பச்சி.

"இல்லை அப்பச்சி. இம்மிக்குக் கீழேயும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"பாதி இம்மி இருக்கு. அதுல பாதி இருக்கு. எவ்வளவு பெரிய தொகை வேணும்னாலும் கேளுங்க, அதுக்கும் மேலே காட்டுறேன்."

"கோடி காட்டு."

"ரெண்டுக்கு மேலே கோடியில ஒரு பங்கு வச்சாக் கோடி. அதுல பாதி வச்சா ரெண்டு கோடி. நீங்க கேட்டுக்கிட்டே இருக்கலாம் அப்பச்சி, நான் காட்டிக்கிட்டே இருப்பேன்."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு எட்டொம்பது வயசு இருக்கும். இம்மியை ரெண்டா வெட்டுனா என்னன்னு எங்க வாத்தியார்கிட்டக் கேட்டேன். மண்டையில நங்குன்னு ஒரு குட்டு வச்சாக. அதை வெட்டி என்னடா செய்யப்போறேன்னு கேட்டாக. அதுக்கப்புறம் நான் கேக்கலை. இவன் கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன்."

"குட்டாமல் சொன்னீர்களே" என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வந்த வார்த்தை அது. ஆச்சி சிரித்தார்; அவரும் லேசாகச் சிரித்தார். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டார்.

"மூட்டை திரும்பக்கூடாது வாத்தியாரே" என்றார். அடுத்த கன்றுக்குப் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பின்னால் நடந்துவந்த பையன், "வழி சரிதானே சார்" என்று மட்டும் சொன்னான். நான் எரிந்து விழுந்தேன். அவன் மேல் அல்ல, யார் மேல் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரமே ரிசல்ட் வந்தது, பையன் பாஸ். பயண நாள் காலையில் அப்பாவும் மகனுமாக என் அறைக்கு வந்தார்கள். பையன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அப்பச்சி கையில் ஒரு டிரங்குப் பெட்டி, தோளில் சுருட்டிய படுக்கை. பையனுடைய சாமான் என்று நினைத்துக்கொண்டேன். மாடத்திலிருந்த மூட்டையை அவன் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடி வரை கூடவே போனேன்.

டிக்கெட் ஜன்னலில் அப்பச்சி குனிந்து, "திருச்சினாப்பள்ளிக்கு ஒண்ணு, பட்டணத்துக்கு ஒண்ணு" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. பையனைப் பார்த்தேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அப்பச்சி டிக்கெட்டுகளை மடியில் முடிந்தபடி சொன்னார்: "திருச்சியும் வடக்கேதானே வாத்தியாரே. மூட்டை திரும்பலை. அவன் பயணம் நல்லாவே இருக்கும். கடைக்கும் ஆளு வேணும்ல, நான் ஒரு கணக்கு இருந்துட்டு வாறேன்."

முழங்கால், கப்பல், கன்றுகள் எல்லாம் ஒரே சமயத்தில் எனக்கு ஞாபகம் வந்தன. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு அந்த மனுஷன் மூன்று வருஷத்தைக் கொடுப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை, தடுக்கவும் வாய் வரவில்லை.

"இன்றைக்கு வடக்கே சூலமாயிற்றே. உங்களுக்குப் பரஸ்தானம் வைக்கவில்லையே" என்றேன் கடைசியில். எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கைகூடக் கிடையாது.

"நான் போய்ப் பழகுன பாதை. என்னைய என்ன செஞ்சுரும்?" என்றார்.

வண்டி வந்தது. அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூட்டையைப் பையன் மடியிலேயே வைத்துக்கொண்டான். "காலேஜில் முதல் வாரமே லிமிட் வரும். மற்றவன் முழிப்பான், நீ சொல்லிக்கொடு" என்றேன். அவன் தலையாட்டினான். பேசினால் அழுதுவிடுவான் என்று தெரிந்தது. ஆச்சியிடம் என்ன சொல்லவேண்டும் என்று அப்பச்சியைக் கேட்டேன். கன்றுகளுக்கு மத்தியானத்தில் ஊற்றவேண்டாம், வெயில் தாழ்ந்து ஊற்றினால் போதும் என்று சொல்லச்சொன்னார்.

கார்டு பச்சைக்கொடியை எடுத்தார். அப்பச்சி ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, மகனுக்குக் கேட்கக்கூடாது என்பது போல் குரலைத் தாழ்த்தினார்.

"வாத்தியாரே, பாதி இம்மிக்குப் பேரு என்ன?"

"பேர் கிடையாதுங்க."

"பேரு இல்லாமலே இருக்குமாக்கும்?"

"இருக்கும் ஐயா."

வண்டி நகர்ந்தது. அவர் என்னைப் பார்த்தபடியே, எப்போதோ குட்டு வாங்கிய அந்தத் தலையை ஒரு கையால் தடவிக்கொண்டு போனார்.